முதல் அடி மட்டும்

கேள்வி: இத்தாலியக் கவிஞர் தாந்தே 'தெய்வீக நாடகம்' காவியத்தில் பைபிள் வரிகளை ஏன் பாதியிலேயே விட்டுவிடுகிறார்?

பதில்: மீதி அவருடைய வாசகர்களுக்கு மனப்பாடம். இறந்தவர்கள் பாவக்கறை கழுவிக்கொள்ளும் உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றிய பகுதியின் 2-ஆம் பாடலில், படகில் வரும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆன்மாக்கள் 'இஸ்ரவேல் எகிப்திலிருந்து புறப்பட்டபோது' என்ற சங்கீதத்தை ஒரே குரலில் பாடுகின்றன. தாந்தே தருவது முதல் அடி மட்டும், அதுவும் லத்தீனில். அடிமைத்தளை அறுந்த சந்தோஷம் தானாக வந்து சேர்ந்துவிடுகிறது.

ஆனால் என்னைக் கலங்கவைப்பது 30-ஆம் பாடல்தான். தான் நேசித்த, இறந்துபோன பெயாத்ரிச்சேயைக் கண்டதும் தாந்தே, 'பழைய நெருப்பின் அடையாளம் தெரிகிறது' என்று சொல்ல, அதுவரை தனக்கு வழிகாட்டி வந்த ரோமானியக் கவிஞர் வெர்ஜில் பக்கம் திரும்புகிறார். அது வெர்ஜிலே தன் காவியத்தில் காதல்வயப்பட்ட ராணி தீதோவுக்குக் கொடுத்த வரி. திரும்பினால், வெர்ஜில் அங்கே இல்லை. எத்தனை தடவை படித்தாலும் அந்த இடத்தில் புத்தகத்தைக் கொஞ்சநேரம் மூடிவைத்துவிடுவேன்.