கத்தோலிக்க யுனிவர்சிட்டியில பயாலஜி எடுக்கப் போறவருக்கு

கடவுள் நம்பிக்கை இல்ல, கத்தோலிக்க யுனிவர்சிட்டில பயாலஜி வேலை கிடைச்சிருக்கு, பரிணாமம் நடத்த விடுவாங்களான்னு கேட்டிருக்கீங்க. தாராளமா நடத்தலாங்க. போப் இரண்டாம் ஜான் பால் 1996லயே பரிணாமம் வெறும் கருதுகோள்ங்கிற நிலையைத் தாண்டிடுச்சுன்னு சொல்லிட்டாரு, அதுவும் இல்லாம நீங்க ஜெனிட்டிக்ஸ் ஆரம்பிக்கிறதே பட்டாணிச் செடியில தானே, அந்தச் சோதனையைச் செஞ்ச மெண்டலே ஒரு கத்தோலிக்கத் துறவி!

உங்க நம்பிக்கை விஷயம் வேற. அதே போப் 1990ல கத்தோலிக்க யுனிவர்சிட்டிகளுக்குன்னு போட்ட சட்டத்துல, எல்லாரோட மனசாட்சி சுதந்திரத்தையும் மதிக்கணும், கத்தோலிக்கர் இல்லாத ஆசிரியர்களும் அந்த இடத்தோட கத்தோலிக்க அடையாளத்தை மதிக்கணும்னு இருக்கு. சர்ச் அதிகாரிகிட்ட தனியா அனுமதி வாங்கணும்ங்கிறது இறையியல் எடுக்கிறவங்களுக்குத்தான், உங்களுக்கு இல்ல.

நானும் நம்பிக்கை இல்லாத ஆள்தான், இப்படி ஒரு இடத்துல வேலை பாத்திருக்கேன், காலைல ஜெபம் நடக்கும்போது சாக்பீஸைக் கையில வச்சுக்கிட்டு சும்மா நிப்பேன், யாரும் ஒண்ணும் கேட்டதில்ல. இடிக்கிறது கருத்தடை, கருக்கலைப்பு மாதிரி பாடத்துலதான், அங்க அறிவியலை மட்டும் நடத்துங்க, நக்கல் வேணாம்.

கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல கத்தோலிக்க அடையாளம்னு வர்ற பாராவ ரெண்டு தடவை படிங்க, சொந்த வாழ்க்கையைப் பத்தி ஏதாவது இருந்தா ஹெச்ஆர்கிட்ட விளக்கத்தை எழுத்துல வாங்கிக்கங்க.