1973-லேயே அமெரிக்கா வியட்நாமை விட்டுக் கிளம்பிவிட்டதே, அப்புறம் 1975-ல் ஹெலிகாப்டரில் தப்பியது யார்?

1973 ஜனவரியில் போரை நிறுத்தும் பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது. மார்ச் மாதக் கடைசியில் அமெரிக்கப் போர்ப்படைகள் கிளம்பின. ஆனால் தூதரகம், உளவுத்துறை, ஒப்பந்த ஊழியர்கள் எல்லாம் தென் வியட்நாமின் தலைநகரான சைகோனிலேயே இருந்தார்கள். வட வியட்நாம் படையும் தெற்கில் பிடித்த இடங்களை விட்டு நகரவில்லை. ஒப்பந்தமே அதற்கு இடம் கொடுத்திருந்தது. என்னைக் கேட்டால், சைகோனின் கதை அங்கேயே பாதி முடிந்துவிட்டது.

1974-ல் நிக்சன் பதவி விலகினார், அமெரிக்க நாடாளுமன்றம் உதவியைக் குறைத்தது. 1975 மார்ச்சில் வட வியட்நாம் தொடங்கிய தாக்குதலில் தென் வியட்நாம் இரண்டே மாதத்துக்குள் சரிந்தது. ஏப்ரல் 29 அதிகாலை சைகோனின் ‘தான் சொன் நுத்’ விமான நிலையத்தில் குண்டு விழுந்து ஓடுபாதை பழுதானதால்தான் ஹெலிகாப்டர். சுமார் 7,000 பேர் அப்படி வெளியேறினார்கள், பெரும்பாலோர் வியட்நாமியர். அமெரிக்கக் கப்பல் தளத்தில் இடமில்லாமல் சில ஹெலிகாப்டர்களைக் கடலில் தள்ளிவிட்டார்கள். (மொட்டைமாடியில் மக்கள் ஹெலிகாப்டர் ஏறும், எல்லோரும் பார்த்த அந்தப் படத்தில் இருப்பது தூதரகம் அல்ல, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு.)

இடம் கிடைக்காதவர்களில் பலர் ‘மறுகல்வி’ என்ற பெயரில் நடந்த சிறை முகாம்களுக்குப் போனார்கள். பின்னாளில் லட்சக்கணக்கானோர் நாட்டை விட்டுத் தப்பப் படகேறினார்கள். அமெரிக்கா பொருளாதாரத் தடையை விலக்கியது 1994-ல்தான். தூதரக உறவு அதற்கு அடுத்த ஆண்டு.