லிங்கிங் வேர்ப் என்றால் என்ன? மற்ற வினைகளிலிருந்து அதை எப்படிப் பிரித்தறிவது?

திருகோணமலை உப்புவெளியில், எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கேள்வி வந்தால் நான் தமிழில் இருந்துதான் தொடங்குவேன்.

"அவர் மீனவர்." இந்த வசனத்தில் வினைச்சொல்லே இல்லை. பெயர்ப் பயனிலை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இங்கிலீஷில் அப்படி விட முடியாது, 'ஹீ இஸ் எ ஃபிஷர்மன்' என்று நடுவில் ஒரு வினை வந்தே ஆகவேண்டும். அந்த 'இஸ்' ஒரு செயலையும் சொல்லவில்லை. அவரையும் அவர் யார் என்பதையும் சேர்த்துக் கட்டுகிறது. அதுதான் லிங்கிங் வேர்ப். 'பிகம்', 'சீம்' இரண்டும் இதே வகைதான்.

குழப்பம் வருவது லுக், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல், சவுண்ட் போன்ற சொற்களில். இவை இரண்டு வேலையும் செய்யும். கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். 'ஷீ ஃபெல்ட் த வாட்டர்' என்றால் அவள் கையை விட்டுப் பார்த்தாள், அது செயல். 'த வாட்டர் ஃபெல்ட் வார்ம்' என்றால் தண்ணீர் எதையும் தொட்டுப் பார்க்கவில்லை, அதன் இளஞ்சூடு சொல்லப்படுகிறது. சந்தேகம் வந்தால் அந்த வினையை எடுத்துவிட்டு 'வாஸ்' போட்டுப் பாருங்கள். 'த வாட்டர் வாஸ் வார்ம்' சரியாக இருக்கும். 'ஷீ வாஸ் த வாட்டர்' என்றால் அவளே தண்ணீராகிவிடுவாள்.

நம் பிள்ளைகள் புள்ளி இழப்பது அடுத்த இடத்தில். போன கிழமை என் மருமகள், பத்தாம் வகுப்பு, கோணேசர் கோயில் மலையில் இருந்து பார்த்த கடலைப் பற்றி 'த சீ லுக்ஸ் பியூட்டிஃபுலி' என்று எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"கடல் அழகாக இருக்கு எண்டுதானே மாமி சொல்லுறம்? 'ஆக' வந்தால் லீ போடவேணும் எண்டு படிச்சனாங்கள்."

அவள் யோசித்தது முழுக்க நியாயம். தமிழில் 'அழகாக ஆடினாள்', 'அழகாக இருக்கிறது' இரண்டுக்கும் ஒரே 'ஆக'தான். இங்கிலீஷ் அங்கே இரண்டாகப் பிரிக்கிறது. ஆடினால் 'பியூட்டிஃபுலி', ஏனென்றால் ஆட்டத்தின் விதம் சொல்கிறோம். கடலுக்கு 'பியூட்டிஃபுல்', ஏனென்றால் கடலின் தன்மையைச் சொல்கிறோம். பழுதான மீனுக்கும் அப்படித்தான்: 'த ஃபிஷ் ஸ்மெல்ஸ் பேட்'. 'பேட்லி' என்று எழுதினால் மீனுக்கு மோப்பம் பிடிக்கத் தெரியாது என்ற மாதிரி ஆகிவிடும். அன்றைக்கு அவளை 'இருக்கிறது' என்று முடியும் தமிழ் வசனங்கள் பத்து எழுதவைத்து, ஒவ்வொன்றையும் லீ இல்லாமல் இங்கிலீஷில் மாற்றச் சொன்னேன். ஏழாவது வசனத்துக்குப் பிறகு கேட்காமலே எழுதினாள்.

'வெல்' மட்டும் கொஞ்சம் வேறு. 'ஐ ஃபீல் வெல்' பிழையில்லை. 'சுகமாக இருக்கிறேன்' என்று சொல்லும்போது அந்த 'வெல்' பெயரடைதான்.