கம்பியில் நிற்காத கோழிக் கபாப்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே பண்டத்தைப் பற்றியவை: அரைத்த கோழி இறைச்சியில் மசாலா பிசைந்து, கம்பியில் பிடித்துச் சுடும் கபாப். மசாலா சரியில்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மசாலாவில் குறை இருந்த கடிதம் ஒன்றிரண்டுதான். மற்றதெல்லாம் தண்ணீரும் சூடும் செய்கிற வேலை.

கம்பியில் பிடிக்கும்போது நன்றாகத்தான் நிற்கிறது அக்கா. நெருப்பில் வைத்ததும் பாதி கரிக்குள் விழுந்துவிடுகிறது. முட்டை சேர்த்தால் நிற்குமா? – களுவாஞ்சிக்குடி

முட்டை வேண்டாம். ஏற்கெனவே ஈரம் கூடிப்போன இறைச்சிக்கு முட்டை இன்னும் ஈரத்தைத்தான் கொடுக்கும்.

முதலில் இறைச்சியை எப்போது கழுவுகிறீர்கள் என்று பாருங்கள். நம் ஊரில் கோழியைக் கழுவாமல் விட யாருக்கும் மனம் வராது. சரி, கழுவுங்கள். ஆனால் முழுத் துண்டாக இருக்கும்போதே கழுவி, வடியவிட்டு, துணியால் நன்றாக ஒற்றி எடுத்த பிறகு அரையுங்கள். அரைத்ததைக் கழுவினால் அது தண்ணீரைக் குடித்துவிடும். எந்தக் கம்பியிலும் நிற்காது.

அடுத்தது வெங்காயம். பம்பாய் வெங்காயம் ஒன்றைத் துருவி, கொஞ்சம் உப்புத் தூவி, பத்து நிமிடம் கழித்துப் பழைய பருத்தித் துணியில் வைத்துப் பிழிந்து பாருங்கள். அரைக் கோப்பைக்குக் கிட்டத் தண்ணீர் வரும். அவ்வளவும் உங்கள் கபாபுக்குள் போயிருக்க வேண்டியது. சக்கையை மட்டும் சேருங்கள், சாற்றைக் கறிக்கு ஊற்றலாம். மல்லியிலையையும் ஈரம் காய்ந்த பிறகே நறுக்குங்கள்.

பிறகு உப்பு. அரைக் கிலோ இறைச்சிக்கு ஒரு தட்டைத் தேக்கரண்டி. அதை மசாலாவுக்கு முன்னரே போட்டு, ஐந்து நிமிடம் கையால் அழுத்திப் பிசையுங்கள். இறைச்சியிலுள்ள புரதத்தை உப்பு இளக்கிப் பசையாக்கும். கபாபைக் கட்டி வைப்பது அந்தப் பசைதான். ஓர் உருண்டையை உள்ளங்கையில் ஒட்டிக் கையைக் கவிழ்த்துப் பாருங்கள். விழாமல் தொங்கினால் போதும். இதன் பின்னர் மசாலாவும் இரண்டு மேசைக்கரண்டி பாண்தூளும் சேர்த்து, மூடி, ஒரு மணித்தியாலம் பிரிட்ஜில் வையுங்கள். குளிர்ந்தால்தான் கொழுப்பு இறுகும்.

கம்பியில் பிடிக்கும்போது கையை நனைத்துக்கொள்ளுங்கள். பெருவிரல் தடிப்புக்கு மேல் வேண்டாம். இரண்டு முனைகளையும் கம்பியோடு ஒட்டி அழுத்தி மூடிவிடுங்கள். நெருப்பில் முதலில் பிரிவது அந்த இடம்தான். நெருப்பில் வைத்த முதல் இரண்டு நிமிடம் தொடவே கூடாது. அடிப்பக்கம் இறுகிய பிறகே திருப்ப வேண்டும். பொறுமை இல்லாதவர்களின் கபாப்தான் அதிகம் விழுகிறது.

விழவில்லை, ஆனால் றப்பர் மாதிரி வருகிறது. நெஞ்சு இறைச்சிதான் வாங்குகிறேன், கொழுப்பு இல்லாததால் நல்லது என்று. – சாய்ந்தமருது

உடம்புக்கு நல்லதுதான், கபாபுக்கு அல்ல. டில்லி, லாகூர் பக்கத்தில் இதை ஆட்டிறைச்சியிலோ மாட்டிறைச்சியிலோ செய்யும்போது கொழுப்பையும் சேர்த்தே அரைப்பார்கள். நெருப்பில் உருகி இறைச்சியை நனைப்பது அந்தக் கொழுப்பு. கோழி நெஞ்சில் அது இல்லை. கோழிக் கடையில் தொடை இறைச்சியை எலும்பு நீக்கித் தரச் சொல்லுங்கள். தோலில் பாதியையாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள். நெஞ்சுதான் கையில் இருக்கிறது என்றால் அரைக் கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த பட்டரைத் துருவிச் சேருங்கள்.

றப்பர்த் தன்மைக்கு இன்னொரு காரணம் கிறைண்டர். தொடர்ந்து ஓடவிட்டால் இறைச்சி சூடேறிக் களியாகிவிடும். ஊர்க்கோழியில் செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சுவை அருமை, ஆனால் காய்ந்துபோகும். பாதிக்குப் பாதி புறொயிலர் தொடை கலந்தால் இரண்டும் சரியாகிவிடும்.

கடையில் மாட்டிறைச்சி அரைக்கிற மெசினில்தான் கோழியும் அரைக்கிறார்கள். எங்கள் வீட்டில் மாடு சாப்பிடுவதில்லை. வீட்டில் அரைக்க மெசினும் இல்லை. – ஆரையம்பதி

மெசினே தேவையில்லை. இறைச்சியை ஓரங்குலத் துண்டாக்கி, முக்கால் மணித்தியாலம் பிரீசரில் வைத்து, ஓரம் கெட்டியானதும் கிறைண்டரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, விட்டுவிட்டு நாலைந்து தடவை அடியுங்கள். அதுவும் இல்லையென்றால் பலகையில் வைத்து இரண்டு கத்தியால் கொத்துங்கள். கொத்துரொட்டிக் கடைக்காரரின் தாளம் வந்துவிட்டால் கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடும். கொத்திய இறைச்சியில்தான் கடிக்கும்போது இறைச்சி தெரியும் என்பது என் கட்சி.

மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இடையில் கழுவாத மெசினில் அரைத்ததை வாங்காதீர்கள். உள்ளே தங்கிய பழைய இறைச்சி கேடு.

பப்பாசிக்காய் அரைத்துச் சேர்த்தால் மெதுவாக வரும் என்கிறார்களே? – அக்கரைப்பற்று

துண்டு இறைச்சிக்குச் சரி. அரைத்த கோழிக்கு வேண்டவே வேண்டாம். பப்பாசிப் பாலிலுள்ள நொதியம் புரதத்தை அறுத்துவிடும். பிசைந்து உண்டாக்கிய பசையெல்லாம் வீணாகும். அன்னாசியும் அப்படித்தான்.

மாடி வீடு, கேஸ் அடுப்பு மட்டும்தான். அவணும் இல்லை, கரி மூட்ட இடமும் இல்லை. – மட்டக்களப்பு நகர்

தட்டையான தாச்சி போதும். தாச்சிக்குள் அடங்குகிற அளவுக்கு மூங்கில் குச்சியை வெட்டி, அரை மணித்தியாலம் தண்ணீரில் ஊறவையுங்கள். கொஞ்ச எண்ணெயில், நடுத்தரத் தீயில், நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். இடையில் இரண்டு நிமிடம் மூடி வைத்தால் உள்ளேயும் வேகும்.

புகை மணம் வேண்டுமென்றால் ஒரு சிரட்டைக் கரித் துண்டை இடுக்கியில் பிடித்துக் கேஸ் தீயில் சிவக்கச் சுட்டு, சிறிய எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, வெந்த கபாப்களுக்கு நடுவில் வையுங்கள். அதன்மேல் நாலு சொட்டு நெய் விட்டதும் புகை கிளம்பும். உடனே மூடி மூன்று நிமிடம் விடுங்கள். அதற்கு மேல் விட்டால் கசக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும். வீட்டுக்குள் கரி அடுப்பே மூட்டலாமா என்று கேட்டால், கூடாது. கரி எரியும்போது வரும் நச்சுவாயுவுக்கு மணமே இல்லை, ஆளைக் கொன்றுவிடும்.

முற்றத்தில் கல் வைத்துக் கரியில் சுடுகிறோம். வெளியே கருகுகிறது, உள்ளே பச்சை. – வாழைச்சேனை

கரி சிவந்து எரியும்போதே வைத்துவிடுகிறீர்கள். மேலே சாம்பல் பூத்து, சுவாலை அடங்கிய பிறகு வையுங்கள். சிரட்டைக் கரிக்குச் சூடு அதிகம், ஆகையால் கபாபுக்கும் கரிக்கும் நாலைந்து அங்குலம் இடைவெளி விடுங்கள். வலைத்தட்டு வைக்காதீர்கள், ஒட்டிக்கொண்டு பிய்ந்துவிடும். இரண்டு வரிசைச் செங்கல்லின் மேல் கம்பியின் முனைகள் இருக்க, இறைச்சி நடுவில் அந்தரத்தில் நிற்க வேண்டும். கச்சான் வீசுகிற நாட்களில் காற்று வரும் பக்கம் ஒரு தகரத்தை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஒரு முனை கருகும், மற்ற முனை வேகாது.

வெந்ததா என்று நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மிளகாய்த்தூளும் மஞ்சளும் கண்ணை ஏமாற்றும். வெப்பமானி இருந்தால் நடுவில் 74 பாகை செல்சியஸ் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள்: நடுவில் பசைபோல் இருந்தால் திரும்ப நெருப்புக்கு.

கம்பிக்குப் பதில் ஈர்க்கு, சைக்கிள் ஸ்போக் கம்பி? – திருக்கோவில்

ஈர்க்கு மெல்லியது, திருப்பினால் ஈர்க்கு மட்டும் சுழலும், இறைச்சி அப்படியே இருக்கும். வேறு வழியில்லாவிட்டால் இரண்டு ஈர்க்கை அரை அங்குலம் விட்டு இணையாகக் குத்துங்கள். ஸ்போக் கம்பி வேண்டாம்; பெரும்பாலும் நாகப் பூச்சுப் பூசியது, நெருப்பில் காட்டக்கூடியதல்ல. தட்டையான எவர்சில்வர் கம்பி வாங்குவதுதான் நல்லது.

மசாலா அளவு? வீட்டுக் கறித்தூளையே போடலாமா? – ஏறாவூர்

வறுத்து அரைத்த கறித்தூள் போட்டால் கோழிக்கறி வாசம்தான் வரும். அதில் தப்பில்லை, ஆனால் அது வேறு பண்டம். அரைக் கிலோவுக்கு வறுத்துப் பொடித்த நற்சீரகம் ஒரு தேக்கரண்டி, மல்லித்தூள் ஒன்று, மிளகுத்தூள் அரை, கறுவா, ஏலம், கராம்பு மூன்றும் சேர்ந்து அரை. உள்ளி ஐந்து பல்லும் இஞ்சி ஓரங்குலமும் தண்ணீர் விடாமல் இடித்தது. பச்சைக் கொச்சிக்காய் உங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பொறுத்தது. தேசிக்காய்ப் புளியைச் சுட்ட பிறகு விடுங்கள், முன்னர் அல்ல.

முழுவதையும் கம்பியில் பிடிக்கும் முன் ஒரு சின்ன வடையளவு தட்டித் தாச்சியில் பொரித்து ருசி பாருங்கள். பச்சையாக ருசி பார்க்கக் கூடாது.

மறுநாள் விருந்து. முதல் நாளே செய்து வைக்கலாமா? கரண்டும் அடிக்கடி போகிறது. – பொத்துவில்

பிசைந்து பிரிட்ஜில் ஓரிரவு வைக்கலாம், சுவை கூடும். அதற்கு மேல் என்றால் கம்பி இல்லாமல் உருட்டிப் பிரீசரில் வையுங்கள். கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் நாலு மணித்தியாலம் தாங்கும். அதற்கு மேல் போனால், உள்ளே இருக்கிற அரைத்த கோழியை எறிவதைத் தவிர வழியில்லை.

அரைவேக்காடாகச் சுட்டு வைத்து, விருந்தாளி வந்ததும் மிச்சத்தைச் சுடுவது மட்டும் கூடாது. அந்த இளஞ்சூட்டில்தான் கிருமி பெருகும். முழுதாகச் சுட்டு ஆறவைத்து, மறுநாள் மூடிய தாச்சியில் சூடாக்குங்கள்.

தொட்டுக்கொள்ளச் சட்டித் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, புதினாவும் பச்சைக் கொச்சிக்காயும் அரைத்துக் கலந்தால் போதும். எருமைத் தயிர் கெட்டி என்பதால் அரை மணித்தியாலம் தொங்கினாலே பதம் வந்துவிடும். தக்காளிச் சோஸ் போத்தலைத் தயவுசெய்து மேசையில் வைக்காதீர்கள்.