கேள்வி நேரம்: 2.4.49 என்றால் ஏன் பதறுகிறார்கள்?

எங்கள் அச்சகத்தின் வெப்சைட்டும் வாடிக்கையாளர்கள் அனுப்பும் டிசைன் ஃபைல்களும் ஒரே சர்வரில் இருக்கின்றன. புதிதாகச் சேர்ந்த பையன், "சார், இது அப்பாச்சி 2.4.49, வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் ஃபைல்களைப் படிக்கலாம்" என்கிறான். சர்வரைப் பார்த்துக்கொள்பவரோ, "நல்லாத்தானே ஓடுது, கை வைக்காதீங்க" என்கிறார். யார் சொல்வது சரி?
*– அச்சக உரிமையாளர், சிவகாசி*

பையன் சொல்வதுதான் சரி. இன்றைக்கே மாற்றுங்கள்.

அப்பாச்சி என்பது வெப்சைட் பக்கங்களைக் கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் சர்வர் சாஃப்ட்வேர். அதன் 2.4.49 வெர்ஷன் வந்தது 2021 செப்டம்பரில். முகவரியைச் சரிபார்க்கும் பகுதியை அதில் மாற்றி எழுதியிருந்தார்கள், வினை அங்கேதான். முகவரியில் அடுத்தடுத்து இரண்டு புள்ளி வைத்தால் 'ஒரு ஃபோல்டர் மேலே போ' என்று அர்த்தம். இப்படியே ஏறி யாரும் சைட்டின் ஃபோல்டரைத் தாண்டிவிடக் கூடாது என்று சர்வர் அந்த ஜோடியைத் தேடிப் பிடிக்கும். ஆனால் புள்ளியை நேராக எழுதாமல் சதவீதக் குறி, 2, ஆங்கில எழுத்து இ (%2e) என்று குறியீடாகவும் எழுதலாம் அல்லவா? முதல் புள்ளியை நேராகவும் இரண்டாவதைக் குறியீடாகவும் அனுப்பினார்கள். பக்கத்தில் இன்னொரு புள்ளி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்த சர்வருக்கு அங்கே சதவீதக் குறிதான் தெரிந்தது, சரி போ என்று விட்டுவிட்டது, குறியீட்டைப் பிரித்த பிறகு அது புள்ளியாகிவிட்டது. அவ்வளவுதான் ஓட்டை.

அக்டோபர் 4 அன்று 2.4.50 வந்தது. அதையும் நம்பாதீர்கள். குறியீட்டையே இன்னொரு முறை குறியீடாக்கி அனுப்பினால் அதுவும் ஏமாந்தது, மூன்றே நாளில் 2.4.51 விட வேண்டியதாயிற்று. போவதென்றால் இப்போதுள்ள புதிய வெர்ஷனுக்கே போய்விடுங்கள்.

'யார் வேண்டுமானாலும்' என்பதில் மட்டும் ஒரு திருத்தம். அப்பாச்சியோடு வரும் செட்டிங்கில் மொத்த டிஸ்க்குக்கும் 'ரிக்வயர் ஆல் டினைடு' (யாருக்கும் அனுமதி இல்லை) என்று ஒரு வரி இருக்கும். அது அப்படியே இருந்தால் சைட்டின் ஃபோல்டருக்கு வெளியே உள்ள ஃபைல்களைக் கேட்பவனுக்கு 403, அதாவது 'அனுமதி இல்லை' என்ற பதில்தான் கிடைக்கும். ஏதோ ஒரு நாள் சைட் திறக்கவில்லை என்று அந்த 'டினைடு'வை 'கிராண்டட்' (அனுமதி உண்டு) ஆக்கிவிட்டு மறந்துபோகிறவர்கள் நிறைய, உங்கள் ஆளிடம் முதலில் இதைக் கேளுங்கள். மாற்றியிருந்து, சிஜிஐயும் (வெப் சர்வர் வழியாக புரோகிராம்களை ஓட்டும் வசதி) ஓடினால், ஃபைலைப் படிப்பது மட்டுமல்ல, சர்வரில் கட்டளையே ஓட்டலாம்.

அப்புறம் யார் எதைக் கேட்டார்கள் என்று சர்வர் எழுதி வைக்கும் அக்சஸ் லாகைத் திறந்து, புள்ளிக்கு அடுத்து அந்தச் சதவீதக் குறியீடு வரும் வரிகளைத் தேடுங்கள். அந்த வரியில் பதில் எண் 403 அல்லது 404 ('கிடைக்கவில்லை') என்றால் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். 200 ('கொடுத்தாயிற்று') என்றால் எந்த ஃபைல் போனது என்று பார்த்து, அதில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருந்தால் உடனே மாற்றுங்கள். லினக்ஸில் எல்லோரும் முதலில் கேட்பது 'இடிசி' ஃபோல்டரில் உள்ள பாஸ்வேர்டு ஃபைலைத்தான். பெயர்தான் அப்படி, இப்போதெல்லாம் அதில் பயனர் பெயர்கள்தான் இருக்கும், பாஸ்வேர்டு இருக்காது. அதைப் பார்த்து மட்டும் மூர்ச்சையாக வேண்டாம்.

உபுண்டு 22.04 (ஒரு வகை லினக்ஸ்) வைத்திருக்கிறேன். எத்தனை அப்டேட் போட்டாலும் அப்பாச்சி 2.4.52 என்றே காட்டுகிறது. ஆபத்தா?
*– கல்லூரி ஆய்வகப் பொறுப்பாளர், திருநெல்வேலி*

இல்லை. இந்த ஓட்டை 2.4.49, 2.4.50 இரண்டில் மட்டும்தான். அதற்குப் பிறகு வந்த வேறு ஓட்டைகளுக்கும் உபுண்டு, எண்ணை மாற்றாமல் பழைய வெர்ஷனிலேயே ஒட்டுப் போட்டுத் தருகிறது. 2.4.52க்குப் பின்னால் தொங்கும் நீளமான வாலைப் பாருங்கள், அப்டேட்டுக்கு அப்டேட் மாறுவது அதுதான்.

வெர்ஷன் எண்ணை வெளியே காட்டாமல் மறைத்துவிட்டால் போதாதா?
*– பெயர் வேண்டாம், கரூர்*

போதாது. வருகிறவன் எண்ணைப் படித்துப் பார்த்துவிட்டு வருவதில்லை, கண்ணில் பட்ட ஐபிக்கெல்லாம் ஸ்கிரிப்ட் வைத்து ஒரே முகவரியை அனுப்பிப் பார்க்கிறான்.