போல்ட்டைக் கழற்றினால் போதாதா?

கேள்வி: டோக்கியோவில் தொழிற்சாலையில் செய்த அறைகளை மாட்டிக் கட்டிய கட்டடத்தை இடித்துவிட்டார்களாமே? பழசானால் கழற்றி மாற்றத்தானே அப்படிக் கட்டினார்கள்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: நகாகின் கேப்சூல் டவரைத்தான் கேட்கிறீர்கள். கிஷோ குரோகவா வடிவமைத்து 1972-ல் கட்டி முடித்தது. இரண்டு கான்கிரீட் கோபுரங்கள், அவற்றில் 140 கேப்சூல்கள், அதாவது நீங்கள் சொல்லும் அறைகள். ஒவ்வொன்றும் சுமார் 100 சதுர அடிதான், ஆனால் கட்டில், குளியலறை, டிவி எல்லாம் தொழிற்சாலையிலேயே பொருத்தி, லாரியில் கொண்டுவந்து, கிரேனால் தூக்கி நான்கே நான்கு போல்ட்டில் மாட்டினார்கள். 25 வருடத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம் என்பது திட்டம்.

ஒன்றைக்கூட மாற்றவில்லை! இடைவெளியே இல்லாமல் நெருக்கி அடுக்கியதால் நடுவில் இருப்பதை மட்டும் உருவுவது பெரும்பாடு. அப்புறம், ஒவ்வொரு கேப்சூலுக்கும் தனித்தனி உரிமையாளர், செலவுக்கு எல்லோரையும் சம்மதிக்க வைக்க முடியுமா? நம் அபார்ட்மென்ட்டில் லிஃப்ட் ரிப்பேருக்கே ஆறு மாதம் சண்டை நடக்கிறது. தண்ணீர்க் குழாய்கள் கெட்டன, உடலுக்குக் கெடுதலான ஆஸ்பெஸ்டாஸ் வேறு. 2022-ல் பிரித்துவிட்டார்கள், 23 கேப்சூல்களை மட்டும் காப்பாற்றி.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே குரோகவா 1973-ல் ஜப்பானின் நகானோ மலைக்காட்டில் தனக்காகக் கட்டிய விடுமுறை வீட்டிலும் கேப்சூல்கள்தான், ஒன்றை டீ அருந்தும் அறையாகவே செய்திருந்தார். நான்கே கேப்சூல், ஒரே உரிமையாளர், அது இன்னும் நிற்கிறது. என்னைக் கேட்டால் போல்ட்டில் கோளாறு இல்லை, கூட்டு உரிமையில்தான்.