சட்டமா அதிபர் யாருடைய சட்டத்தரணி?

கேள்வி: என் மச்சான் பொலிஸாருக்கு எதிராக அடிப்படை உரிமை மீறல் மனு போட்டிருக்கிறார். பிரதிவாதிகள் பட்டியலின் கடைசியில் சட்டமா அதிபரும் இருக்கிறார். அவர் என்ன பிழை செய்தார்? அவர் மக்களுக்காக வாதாடுபவர் இல்லையா?
– ஒரு வாசகர், உப்புவெளி

பதில்: அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. இப்படியான மனுவில் அவரையும் சேர்க்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்ற விதி, அரசின் பக்கத்தைச் சொல்ல ஆள் வேண்டுமே. உங்கள் இரண்டாவது கேள்விதான் வில்லங்கம். மக்களுக்காக வாதாடுபவர் என்று உங்களுக்கு யார் சொன்னது?

கொழும்பு புதுக்கடையில் இருக்கிற சட்டமா அதிபர் திணைக்களம் அரசுக்குச் சட்ட ஆலோசனை சொல்கிறது, அரசுக்கு எதிரான மனுக்களில் அரசுக்காக எழுந்து நிற்கிறது, அப்புறம் அதே திணைக்களம்தான் பாரிய குற்றங்களுக்கு மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் போடுவதா விடுவதா என்றும் முடிவெடுக்கிறது. நகைக்கடைக் களவு வழக்கு என்றால் இதில் ஒரு சிக்கலும் இல்லை. சந்தேகநபர் அரசாங்கச் சீருடை போட்டவராக இருந்தால்? சித்திரவதை முறைப்பாடுகளில் பொலிஸாருக்காக ஆஜராவதில்லை என்று அவர்களே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள், 1994ஆம் ஆண்டுச் சித்திரவதைச் சட்டத்தின் கீழ் நாளைக்கு அதே ஆளுக்கு எதிராக வழக்குப் பேச வேண்டி வரலாம் என்பதால். நல்ல வழக்கம்தான். ஆனால் இரண்டு வேலையும் ஒரே கூரைக்குக் கீழ் சரிவராது என்பதற்கு இதைவிட என்ன ஒப்புதல் வேண்டும்?

திருகோணமலைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2006 ஜனவரி 2, காந்தி சிலையடியில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2019 ஜூலையில், நம் நீதவான் நீதிமன்றத்திலேயே, போதிய சான்று இல்லை என்று சந்தேகநபர்களான பொலிஸார் 13 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். சாட்சி சொல்ல வேண்டியவர்களில் சிலர் பயத்தில் எப்போதோ நாட்டை விட்டுப் போயிருந்தார்கள். அவர்களைத் தேடிப் பிடித்துச் சாட்சியம் பெறுவதற்கு, அரசின் முகத்தைப் பற்றிக் கவலைப்படாத ஒரு வழக்குத் தொடுநர் வேண்டும்.

ஆளை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். 1975 முதல் 1988 வரை அந்தக் கதிரையில் இருந்த சிவா பசுபதி ஒரு தமிழர்தான். இப்போது ஜனாதிபதி நியமிக்கும் பெயருக்கு அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதல் வேண்டும், அது கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் கதிரை அதேதான். வழக்குத் தொடுக்கும் வேலையைத் தனியாகப் பிரித்து இன்னொருவரிடம் கொடுங்கள் என்பதுதான் என் வாதம். புதுமையும் இல்லை, 1970களில் சில வருடம் இந்த நாட்டிலேயே அப்படியொரு பதவி தனியாக இருந்தது.

மச்சானின் வழக்கு அடுத்த தவணைக்கு வரும்போது அரச சட்டத்தரணி பொலிஸாருக்காகவும் சேர்த்து எழும்புகிறாரா, இல்லையா என்று கவனித்து எங்களுக்கு எழுதுங்கள்.